பதினான்காம் குப்பி

எங்கள் பேட்டைக்குச் சூப்பு நகரம் என்று பெயர்.
பட்டாணித் தெரு, அவரைத் தெரு, உருளைக்கிழங்குத் தெரு.
பார்த்தால் சேறும் மரவேலியும் சாய்ந்த சைக்கிள்களும்தான்.
ஆனாலும் தார்த்து ரயிலடியில் இறங்கி வருகிறவர்கள்
ஆற்றோரத் திருப்பத்தில் நின்று
"யார் வீட்டிலோ கொதிக்கிறது" என்பார்கள்.
நான் சிரித்துக்கொள்வேன்.
எனக்குத் தெரியாதா,
அதுதானே என் பிழைப்பு.

பல்கலைக்கழக நிலவறையில்
குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவள் நான்.
பதினான்காம் குப்பியில் எப்போதும் ஒரே திரவம்.
காலையில் அது 'முதிர்ந்த சீஸ்',
மதியத்துக்குப் பின் 'கழற்றிய காலுறை'.
காலையில் வந்தார் பேருந்து ஓட்டும் ஊர்மாஸ்.
கண்ணை மூடி முகர்ந்துவிட்டு
ரொட்டி ஏதும் இருக்கிறதா என்றார்.
மாலையில் வந்த லேலோ
நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்,
குப்பியைத் தொட்ட விரலைப் பாவாடையில் துடைத்தாள்,
மறுபடியும் துடைத்தாள்.

சீட்டே ஒட்டாமல் கொடுக்கும் நாளும் உண்டு.
அன்று எல்லோர் முகமும்
தெரிந்தவர் பெயரை மறந்தவர் முகம்போல் ஆகிவிடும்.

இருபதாம் குப்பியில் காய்ச்சி வடித்த தண்ணீர், வேறொன்றுமில்லை.
'சதகுப்பை' என்று எழுதியிருந்தேன்.
ஓய்வுபெற்ற நில அளவையாளர் கால்யு
நெடுநேரம் முகர்ந்து என்னைத் திருத்தினார்:
"வாடிய சதகுப்பை. இரண்டு நாள் ஆகியிருக்கும்."
அளந்தே பழகிய மனிதர்.
இரண்டு நாள் என்று அப்படியே குறித்துக்கொண்டேன்.

பிறகு நவம்பர்.
கீழ்வீட்டு சில்வி படிக்கட்டில் வழிமறித்து
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
மேல்மாடிக்காரர்கள் வந்ததிலிருந்து ஒரு வாடை,
கவனித்தாயா?
இல்லையே என்றேன்.
அன்றிரவே கவனித்தேன்.

எரிந்த எண்ணெய். ஈரக் கம்பளி.
அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று, பெயர் பிடிபடவில்லை,
பிடிபடாததால் இன்னும் மோசம்.
கதவின் கீழ்ச் சந்தில் துண்டைச் சுருட்டி வைத்தேன்.
உறைபனியில் சன்னலைத் திறந்து போட்டு
இரண்டு போர்வைக்குள் தூங்கினேன்.
கோட்டை ஆய்வகத்திலேயே விட்டு வந்தேன்.
சில்வியும் நானும் எதிர்ப்பட்டால்
பேச்சில்லை, ஒரு தலையசைப்பு மட்டும்.
அதுவரை எங்களுக்குள்
அப்படியொரு நெருக்கம் இருந்ததில்லை.
மூன்று வாரம் இப்படி.

ஒரு சனிக்கிழமை லாரி வந்து நின்றது.
மெத்தை, தையல் இயந்திரம், கயிறு கட்டிய பெட்டிகள்.
தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒரு பெண்
என் கதவு மணியை அழுத்தினாள்.
மேல்மாடிச் சாவி யாரிடம் இருக்கும்?
சொல் சொல்லாகப் பொறுக்கி எஸ்தோனியம் பேசினாள்.
பிள்ளைக்குக் காய்ச்சலாம், கிளம்ப முடியவில்லையாம்.
இரவெல்லாம் ரயிலில் வந்தோம் என்றாள்.
"பெயரை மட்டும் முன்னாலேயே எழுதி ஒட்டச் சொன்னோம்.
கடிதம் ஏதும் தவறிவிடக் கூடாதே."

கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தேன்.
அஞ்சல் பெட்டிமேல் ஒரு சீட்டு:
மெஸ்வ்ரிஷ்விலி.
மூன்று வாரமாக இந்தக் கட்டடத்தில்
அவர்களில் குடியிருந்தது அது ஒன்றுதான்.
ஓரம்கூடச் சுருளவில்லை. நல்ல கோந்து.

பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு
அவளோடு மேலே ஏறினேன்.
என்ன சொல்ல, என்ன சொல்லாமல் விட?
திருப்பத்தில் அவள் கழுத்துக்குட்டை என் முகத்தருகே வந்தது.
வேண்டுமென்றே மூச்சை ஆழ இழுத்தேன்.
இரும்பு. ஆறிய தேநீர்.
பலர் மூச்சுவிட்டுத் தீர்த்த காற்று.
ரயில், என்றேன் மனதுக்குள்.
இதையாவது சரியாக முகர்ந்தேன்.

இன்னும் மூன்று படி ஏறியிருப்பேன்.
ரயிலில் வந்தோம் என்று
அவள்தானே சொன்னாள்.